பத்து பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டன்

போன இதழில் பிளவுஸ் லைனிங் பற்றிக் கேட்ட ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "நானும் மகளும் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு நெட்ரன்னர் ஆடுவோம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். ஜிப், ஊக்கு, பாபின் நூல் என்று வரும் தபாலுக்கு நடுவே சீட்டுக் கேள்விகளாக வந்து குவிந்துவிட்டன. இந்த இதழில் தையலுக்கு விடுமுறை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. நெட்ரன்னர் இரண்டு பேர் ஆடும் சீட்டாட்டம், ஆளுக்கு ஒரு டெக், அதாவது சீட்டுக்கட்டு. ஒருவர் கார்ப், அதாவது பெரிய கம்பெனி. இன்னொருவர் ரன்னர், கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடுகிறவர். கம்பெனி பொத்திப் பொத்தி வைக்கும் அஜெண்டா கார்டுகளில் 7 புள்ளியை முதலில் சேர்ப்பவருக்கு வெற்றி. இரண்டு பேருக்கும் தொடக்கத்தில் 5 கிரெடிட் (இதுதான் ஆட்டத்தின் பணம்), கையில் 5 கார்டு. தன் முறை வரும்போது ரன்னருக்கு 4 கிளிக், கார்ப்புக்கு 3. ஒரு கிளிக் கொடுத்து ஒரு கிரெடிட் எடுக்கலாம், அல்லது ஒரு கார்டு எடுக்கலாம், அல்லது கையில் இருப்பதை இறக்கலாம். ரன்னர் என்றால் ஒரு கிளிக் கொடுத்து கம்பெனியின் சர்வர் ஒன்றுக்குள் நுழைந்தும் பார்க்கலாம், அதுதான் ரன். கிளிக்கை ஒரு நாள் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானே புரியும்.

கேள்வி: அக்கா, என் ரன்னர் டெக்கில் மொத்தம் 45 கார்டு. அதில் 18 காசு கார்டு வைத்திருக்கிறேன். பணத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் கையில் 20 கிரெடிட்டை வைத்துக்கொண்டே தோற்கிறேன். எத்தனை காசு கார்டு வைப்பது சரி?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, எங்கள் கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது என் மாமனார் முதலில் கேட்பது "எவ்வளவு பணம் இருக்கு?" என்றல்ல, "என்னென்ன வாங்கணும்?" என்றுதான். நீங்கள் பட்டியலே போடாமல் பையை நிரப்பிக்கொண்டு கிளம்பியிருக்கிறீர்கள்.

பட்டியல் போடலாம், வாருங்கள். என் டெக்கில் பூட்டு உடைக்கிற புரோகிராம், அதாவது பிரேக்கர், மூன்று. கிளீவர் 3, பஸ்ஸா 4, கார்மென் 5. மூன்றையும் மேசையில் இறக்க 12 கிரெடிட். கன்சோல் என்ற கருவிக்கு ஒரு 4 என்று வையுங்கள், 16 ஆச்சு. இனி உள்ளே நுழையும் செலவு. கம்பெனி தனியாக ஒரு சர்வர் போட்டு அதன் முன்னால் பாலிசேடு என்ற தடுப்பை நிறுத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலிசேடின் பலம் 2, தனி சர்வரைக் காக்கும்போது 4 ஆகிவிடும். கிளீவரின் பலம் 3. அதை 4 ஆக்க 2 கிரெடிட், உடைக்க 1. ஒரு தடவை நுழைய 3. ஒரு ஆட்டத்தில் இந்த மாதிரி ஆறு தடவை நுழைந்தால் 18. ஆக மொத்தம் 34. தொடக்கத்தில் கையில் இருந்த 5-ஐக் கழித்தால், நீங்கள் சம்பாதிக்க வேண்டியது 29.

எனக்குப் பெரும்பாலும் சீட்டுக்கட்டில் பாதியைப் பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. 12 காசு கார்டு வைத்திருந்தால் ஆறு கைக்கு வரும். ஒன்றுக்கு 4 வீதம் லாபம் என்றால் 24. மிச்சம் 5-ஐ கிளிக் கொடுத்து எடுத்துவிடலாம். கணக்கு நேராகிவிட்டது. உங்கள் 18 கார்டில் ஒன்பது வரும். 36 கிரெடிட் சேரும், ஆனால் அந்த ஒன்பதையும் இறக்க ஒன்பது கிளிக் போகும். ஆறு போதும் என்ற இடத்தில் மூன்று கிளிக் கூடுதல். அந்த மூன்றில் மூன்று தடவை உள்ளே நுழைந்து பார்த்திருக்கலாம். போதாததற்கு, பிரேக்கர் இருக்க வேண்டிய இடத்தில் காசு உட்கார்ந்திருப்பதால் பூட்டை உடைக்கிற ஆளே கைக்கு வருவதில்லை. 20 கிரெடிட்டோடு வாசலில் நிற்கிறீர்கள்.

"ஆனால் தொடக்கத்தில் காசு கார்டு வராமல் போய்விட்டால்?" என்று பயந்துதானே 18 வைத்தீர்கள்? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். 45-ல் 12 இருந்தால், முதல் 5 கார்டில் ஒன்றாவது காசாக வர நூற்றுக்கு 81 தடவை வாய்ப்பு. கை பிடிக்காவிட்டால் ஒரே ஒரு முறை மல்லிகன் செய்து ஐந்தையும் மாற்றிக்கொள்ளலாம். அதையும் சேர்த்தால் 96. இதையே 18 ஆக்கினால் 93, மாற்றிக்கொண்டால் 99-க்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கடைசி மூணு நாலு தடவைக்காக ஆறு கார்டு இடத்தைக் கொடுக்கிறீர்கள். 9 வைத்தால் 69, மாற்றிக்கொண்டால் 90. எனக்கு 9 பயம், 12 நிம்மதி. உங்கள் பிரேக்கர்கள் விலை கூடியவை என்றால் 13, 14 வரை போங்கள். ஆனால் பட்டியலைப் போட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஷ்யூர் கேம்பிள், டெய்லி காஸ்ட்ஸ், டர்ட்டி லாண்டரி, ஈஸி மார்க். எதைக் கண்டிப்பாக வைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? லாபக் கணக்குப்படி டெய்லி காஸ்ட்ஸ்தானே முதலில் நிற்கிறது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கார்டில் அச்சடித்திருக்கும் லாபப்படி பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஷ்யூர் கேம்பிளுக்கு 5 போட்டால் உடனே 9 வரும், லாபம் 4. டெய்லி காஸ்ட்ஸுக்கு 3 போட்டால் அதன்மேல் 8 வைப்பார்கள், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் 2 எடுத்துக்கொள்ளலாம், லாபம் 5. டர்ட்டி லாண்டரிக்கு 2 போட்டு ஒரு ரன் போக வேண்டும், ரன் வெற்றி என்றால் 5 வரும், லாபம் 3. ஈஸி மார்க்குக்கு ஒன்றும் போட வேண்டாம், 3 வரும்.

இதில் கூலியைக் கழித்தீர்களா? ஒரு கார்டைக் கட்டிலிருந்து எடுக்க ஒரு கிளிக், இறக்க ஒரு கிளிக். அந்த இரண்டு கிளிக்கையும் சும்மா கிரெடிட் எடுக்கக் கொடுத்திருந்தாலே 2 வந்திருக்கும். அதைக் கழித்தால் ஷ்யூர் கேம்பிள் 2, டெய்லி காஸ்ட்ஸ் 3, ஈஸி மார்க் வெறும் 1. "ஓசியில் 3 கிரெடிட்" என்று நான் ஆறு மாதம் கொண்டாடிக்கொண்டிருந்த கார்டு, ஒரு கிரெடிட்டுக்காக டெக்கில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. டர்ட்டி லாண்டரியும் அப்படிப் பார்த்தால் 1-தான். ஆனால் அந்தக் கிளிக்கில் எப்படியும் உள்ளே போய்ப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இறக்கும் கூலி அதற்கு இல்லை, 2 ஆகிவிடும். அடிக்கடி ஓடுகிற கிரிமினல் வகை ரன்னர் டெக்குக்கு அது நல்ல கார்டு. உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கும் ஷேப்பர் வகை டெக்குக்குச் சுமார்.

இப்போது டெய்லி காஸ்ட்ஸ். அது சொட்டுநீர்ப் பாசனம். வாழைக்கு நல்லது, தீப்பிடித்த வீட்டுக்கு உதவாது. முதல் முறையில் இறக்கினால் அதைவிட நல்ல கார்டு கிடையாது. எதிராளி 5 புள்ளியோடு நிற்கும்போது கைக்கு வந்தால் நாலு முறை காத்திருக்க உங்களுக்கு ஏது நேரம்? இன்னொன்று, அது ரிசோர்ஸ் என்ற வகைக் கார்டு. உங்கள்மேல் டேக், அதாவது கம்பெனி உங்களைக் கண்டுபிடித்துவிட்ட அடையாளம், விழுந்திருந்தால் கம்பெனி ஒரு கிளிக்கும் 2 கிரெடிட்டும் கொடுத்து அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடும். டேக் போடுவதில் பேர்போன என்பிஎன் கம்பெனிக்கு எதிரே ஆடுகிறவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள்.

ஷ்யூர் கேம்பிளின் குறை வேறு. கையில் 5 இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். 4 இருந்தாலும் காகிதம்தான். இதை நான் கற்றுக்கொண்ட ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் கடையில் கிரெடிட்டுக்குச் சட்டை பட்டனைத்தான் வைப்போம். என் முன்னால் 5 வெள்ளைப் பட்டன். கையில் பஸ்ஸா ஒன்று, ஷ்யூர் கேம்பிள் இரண்டு. அருமையான கை. நான் என்ன செய்தேன்? பூட்டுடைக்கும் ஆள் வந்துவிட்டானே என்ற சந்தோஷத்தில் முதல் கிளிக்கிலேயே பஸ்ஸாவை இறக்கினேன். 4 பட்டனை மகள் பக்கம் தள்ளிவிட்டேன். மிச்சம் ஒன்று. ஈஸி மார்க் வராதா என்று அடுத்த மூன்று கிளிக்கும் கார்டு எடுத்தேன். வரவில்லை. அடுத்த முறை நாலு கிளிக்கையும் கொடுத்து நாலு பட்டன் சேர்த்து, மறுபடி 5 பட்டனோடு தொடங்கிய இடத்துக்கே வந்தேன். அதற்குள் கம்பெனியான என் மகள் சர்வர் போட்டு, தடுப்பு நிறுத்தி, ஒரு அஜெண்டாவை முடித்தே விட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் அவள் என் கையை வாங்கி மேசையில் பரப்பினாள். "இதை எப்படி ஆடியிருக்கணும் பாரும்மா." முதல் கிளிக் கேம்பிள், 9 பட்டன். இரண்டாவது பஸ்ஸா, 5. மூன்றாவது அடுத்த கேம்பிள், மறுபடி 9. நாலாவது கிளிக்குக்கு ஒன்று, 10. அதே ஐந்து கார்டு, அதே நாலு கிளிக். பஸ்ஸாவும் மேசையில் இருக்கும், எதிரே 10 பட்டனும் இருக்கும். என் எதிரே இருந்தது ஒன்று.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஷ்யூர் கேம்பிள் 3, யோசிக்காமல் வையுங்கள். 5-க்குக் கீழே விழுந்துவிட்டால் எழுந்து நிற்க, குறைந்த முதலில் இறங்கும் கார்டு மூணு நாலு வேண்டும். டெலிவொர்க் கான்ட்ராக்ட் எனக்குப் பிடித்தது: 1 கிரெடிட்டுக்கு இறங்கும், அதன்மேல் 9 இருக்கும், முறைக்கு ஒரு தடவை ஒரு கிளிக் கொடுத்து 3 எடுக்கலாம். டெய்லி காஸ்ட்ஸ் உங்கள் ஆட்டம் நீளமானதா என்று பார்த்து. ஈஸி மார்க்கைக் கடைசியாகப் பாருங்கள். நாலில் எதற்கு லாபம் அதிகம் என்று கேட்பதைவிட, உங்கள் டெக்குக்கு இரண்டாவது முறையில் பணம் வேண்டுமா, ஏழாவது முறையில் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: மேக்னம் ஓபஸ் ஒன்று இருந்தால் போதுமே? மற்ற காசு கார்டெல்லாம் எதற்கு?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: ஒரு கிளிக்குக்கு 2 கிரெடிட், ஆட்டம் முடியும்வரை வற்றாது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இறக்க 5 கிரெடிட் அட்வான்ஸ், எடுக்கவும் இறக்கவும் இரண்டு கிளிக். சாதாரணமாகக் கிளிக்குக்கு 1 வரும் இடத்தில் இது 2 தருவதால், ஒவ்வொரு கிளிக்கிலும் உங்களுக்கு மிச்சம் 1-தான். போட்டது திரும்பி வர ஏழு கிளிக் ஆகும். எட்டாவது கிளிக்கில்தான் லாபம். தவிர, புரோகிராம் வைக்க இருக்கும் 4 மெமரியில் 2-ஐ அதுவே தின்றுவிடும்.

நீளமாக ஆடும் டெக்குக்குக் காசு கார்டு இடங்களையெல்லாம் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் என்பது உண்மை. அந்தக் காலத்து ஷேப்பர் ஆட்டக்காரர்கள் அதை நம்பியே பிழைத்தார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. நான் காசு எடுத்துக்கொண்டே இருப்பேன், எதிராளி முடித்துக்கொண்டே இருப்பார்.

கேள்வி: நான் கார்ப் ஆடுகிறேன். பேட் கேம்பெயின் வைத்தால் உடனே ரன்னர் வந்து குப்பையில் போட்டுவிடுகிறார். பணம் வீண்தானே? எடுத்துவிடவா?
— வாசகர், திருச்சி

பதில்: எடுக்காதீர்கள்! முறைக்கு 1 கிரெடிட் தரும் கார்டு அது. ரன்னர் சும்மாவா குப்பையில் போடுகிறார்? அதைக் குப்பையில் போட அவர் 4 கிரெடிட் கட்ட வேண்டும், ஓடி வரவும் ஒரு கிளிக். நீங்கள் செலவழித்தது வைக்க ஒரு கிளிக், திறக்க 2 கிரெடிட். ஒரு பைசா சம்பாதிக்காமலே உங்கள் கார்டு எதிராளியின் பையில் ஓட்டை போட்டுவிட்டது. அந்த 4 இருந்திருந்தால் அவர் ஒரு பிரேக்கர் இறக்கியிருப்பார். ரன்னருக்குக் காசு கார்டு என்றால் வரவு மட்டும்தான். கம்பெனிக்கு அடுத்தவன் செலவும் நம் வரவுதான்.

உங்கள் பழக்கம் ஒன்று தப்பாக இருக்கும் என்று சந்தேகம். வைத்த கையோடு திறந்துவிடுகிறீர்களா? மூடியே வையுங்கள். ரன்னர் தன் முறையை முடிக்கும் வரை பொறுத்து, உங்கள் முறை தொடங்குவதற்குச் சற்று முன்னால் திறங்கள். உடனே முதல் கிரெடிட் வந்துவிடும். மூடியிருக்கும்போதே அவர் வந்து குப்பையில் போட்டால் உங்களுக்குப் போனது ஒரு கார்டும் ஒரு கிளிக்கும்தான், அந்த 2 கிரெடிட் மிச்சம்.

நிகோ கேம்பெயினுக்கு இந்தத் தைரியம் கூடாது. திறக்க 2, முறைக்கு 3 வீதம் மொத்தம் 9 தரும், தீர்ந்ததும் ஒரு கார்டும் தரும். தங்கமான கார்டு. ஆனால் குப்பையில் போட 2 கிரெடிட்தான், வழியில் போகிறவர்கூடக் கட்டிவிடுவார். அதை ஒரு தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். ரெகொலித் மைனிங் லைசென்ஸும் அப்படித்தான். அதில் 15 கிரெடிட் இருக்கும், ஆனால் எடுக்க எடுக்க ஒவ்வொரு 3-க்கும் ஒரு கிளிக். உங்களுக்கு முறைக்கு மூன்றே கிளிக் என்பதை மறந்துவிடாதீர்கள். கம்பெனிப் பக்கத்து ஷ்யூர் கேம்பிளான ஹெட்ஜ் ஃபண்ட் மூன்றும் இருக்கிறதா? இல்லையென்றால் இதற்கு மேல் நாம் பேசவே வேண்டாம்.

கேள்வி: சீட்டாட்டம் குடும்பத்தைக் கெடுக்கும் என்று என் மாமியார் சொல்கிறார். நீங்கள் இதைப் பத்திரிகையில் வேறு எழுதுகிறீர்களே?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: உங்கள் மாமியார் நினைப்பது பணம் வைத்து ஆடும் ரம்மி. அதில் அவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் மேசையில் இதுவரை தொலைந்தது இரண்டு பட்டன். ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடைத்தது.

கேள்வி: கார்டு எங்கே வாங்குவது? கடையில் கேட்டால் யூனோவைக் கொடுக்கிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: முதலில் 1996-ல் ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கிய ஆட்டம் இது. 2012-ல் ஃபேண்டஸி ஃப்ளைட் கம்பெனி புதுப்பித்து வெளியிட்டு, 2018-ல் நிறுத்திக்கொண்டது. அதன்பிறகு ஆட்டக்காரர்களே சேர்ந்து தொடர்கிறார்கள், இப்போது அவர்கள் பெயர் நல் சிக்னல் கேம்ஸ். 2021-ல் வந்த சிஸ்டம் கேட்வேயிலிருந்து தொடங்குங்கள். அச்சடிக்கும் கோப்பை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். நாங்கள் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஸ்கேலும் பிளேடும் வைத்து வெட்டி, உறைக்குள் பழைய ரம்மிச் சீட்டுக்கு முன்னால் செருகினோம். மடங்காமல் நிற்கும். எதிரே ஆள் இல்லை என்றால் ஜின்டெக்கி.நெட்டில் காசில்லாமல் ஆடலாம். போட்டிக்குப் போவதாக இருந்தால் கார்ப் ஒன்று, ரன்னர் ஒன்று என்று இரண்டு டெக் கொண்டுபோக வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் தடைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்னதில் சிலது பழைய கார்டு.

கேள்வி: போட்டியில் ஜெயித்தவர் டெக்கை அப்படியே எடுத்து ஆடினேன். எனக்கு மட்டும் காசே சேரவில்லை. ஏன்?
— கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: கண்ணு, அந்த டெக்கைப் பார்த்தேன். டர்ட்டி லாண்டரி மூன்று, ஓடினால் காசு தரும் கன்சோல் ஒன்று, இன்னும் ரன் போனால்தான் பலன் தரும் கார்டு நாலு. அவர் முறைக்கு இரண்டு தடவையாவது ஓடுகிறவர். நீ பதுங்கிப் பதுங்கி எல்லாம் கூடிவந்த பிறகு ஓடுகிறாய் என்று உன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். அடுத்தவர் அளவில் தைத்த ஜாக்கெட் அது. ஒன்று நீ ஓடிப் பழகு, தடுப்பு இல்லாத சர்வரைப் பார்த்தால் முதல் முறையிலேயே நுழை. இல்லாவிட்டால் அந்த எட்டில் நாலைக் கழற்றிவிட்டு டெலிவொர்க்கும் டெய்லி காஸ்ட்ஸும் வை. முதலாவதைத்தான் நான் சொல்வேன், நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்தும்.

கேள்வி: கிரெடிட்டுக்குப் பட்டன் என்கிறீர்கள். 5-க்குத் தனிப் பட்டன் உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: வெள்ளைச் சட்டை பட்டன் 1. பெரிய பழுப்புக் கோட் பட்டன் 5. எட்டு கோட் பட்டனை ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்திருந்தோம். போன வாரம் நான் மார்க்கெட் போயிருந்தபோது ஒரு டெய்லர் வந்து கேட்க, என் மாமனார் டப்பாவோடு விற்றுவிட்டார். இப்போதைக்கு 5-க்குப் பாபின்.